டாங்கிக்குள் இருக்கிறவர்கள் எங்கே? டாங்கி விளையாட்டுகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விளையாட்டுப் படைப்பாளிகளுக்கு,

வணக்கம். டாங்கிச் சண்டையை வைத்துக் கணினி விளையாட்டு செய்கிற எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களுக்கும், நாலைந்து பேராக உட்கார்ந்து வருடக்கணக்கில் ஒரே விளையாட்டைச் செதுக்கிக்கொண்டிருக்கும் சின்னக் குழுக்களுக்கும் சேர்த்துத்தான். பள்ளிக் காலத்திலிருந்து நான் இவற்றை விளையாடி வருகிறேன். என் தாய்மாமா நிஜ டாங்கி ஓட்டியவர். இந்திய ராணுவத்தின் கவசப் படையில் டி-72 ரக டாங்கியின் டிரைவராக இருந்து, தஃபேதாராக (ஹவில்தாருக்குச் சமமான பதவி) ஓய்வு பெற்று, இப்போது வேலூர்ப் பக்கம் ஊரில் இருக்கிறார். உங்கள் திரையையும் அவர் வாயால் கேட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதும் எண்ணம் வந்தது.

இரும்பு விஷயத்தில் உங்கள் உழைப்பை நான் மனதார மதிக்கிறேன். எந்தத் தகடு எத்தனை மில்லிமீட்டர், எத்தனை பாகை சாய்வு, எந்தக் குண்டு எவ்வளவு தூரத்திலிருந்து அதைத் துளைக்கும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். டி-72 பின்வாங்கும்போது மணிக்கு நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது, ஜெர்மனியின் லெப்பர்டு 2 பின்பக்கமாகவே முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் என்பதையெல்லாம் நான் உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். இந்தத் துல்லியத்தின் மேல் விளையாடுகிறவர்களுக்கு இருக்கும் வெறி சாதாரணமானதல்ல. 2021ல் ஒருவர், வார் தண்டர் விளையாட்டில் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கி தப்பாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று நிரூபிப்பதற்காக, அந்த டாங்கியின் ரகசியக் கையேட்டுப் பக்கங்களையே பொதுவில் போட்டார். நிறுவனம் அதை நீக்கியது. அதற்குப் பிறகு வேறு நாட்டு டாங்கிகள் விஷயத்திலும் இதே நடந்தது. ஒரு தகட்டின் கனம் சரியில்லை என்பதற்காகச் சிறைக்குப் போகவும் துணிகிற அளவுக்கு மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தகட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனைச் சரியாகச் செய்யவில்லையே என்று யாரும் இந்த அளவுக்குச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் டாங்கிக்குள் ஆள் இல்லை. திரையின் ஓரத்தில் சின்னச் சின்னப் படங்களாக மூன்று, நான்கு பேர் இருக்கிறார்கள். குண்டு துளைத்தால் அந்தப் படங்களில் ஒன்று நிறம் மாறுகிறது. சில நொடிகளில் இன்னொருவர் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறார். பீரங்கியைச் சுடும் கன்னர் போனால் வண்டித் தலைவரான கமாண்டர் கன்னராகிறார். வண்டி தொடர்ந்து ஓடுகிறது, சுடுகிறது. செத்தவனின் உடல் அந்த இருக்கையில்தானே இருக்கும், அதை நகர்த்தியது யார், எங்கே நகர்த்தினார்கள் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. டி-72க்குள் ஒருவரைத் தாண்டி இன்னொருவர் போக இடம் கிடையாது. பீரங்கியின் இடப்பக்கம் கன்னர், வலப்பக்கம் கமாண்டர், நடுவில் பீரங்கியின் அடிப்பாகம் சுவர் மாதிரி நிற்கும். டிரைவர் கீழே, முன்னால், தனியாக.

டிரைவரின் இடத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், மாமா எனக்குச் சொன்னபடி. உட்காருவது என்பதைவிடச் சாய்ந்து படுப்பது என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஸ்டியரிங்குக்குப் பதிலாக இரண்டு லிவர். தலைக்கு மேலே மூடி. மூடியைச் சாத்திவிட்டால் வெளியுலகம் என்பது முன்னால் இருக்கும் ஒரு பெரிஸ்கோப் கண்ணாடி காட்டுகிற துண்டு மட்டும்தான். பாலைவனத்தில் முன்னால் ஒரு வண்டி போனால் அதுவும் கிடையாது, வெறும் மஞ்சள் புழுதி. அப்போது டிரைவருக்குக் கண் என்பது கமாண்டரின் குரல். காதோடு ஒட்டின ஹெட்செட்டில் இந்தியில் வரும்: தாயேன் (வலது), பாயேன் (இடது), ரோக் (நிறுத்து). ஊரை விட்டுப் போகும்போது மாமாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அகமதுநகர் பயிற்சி மையத்தில் முதலில் படிந்தது இந்த மூன்று சொல்தான் என்பார். பின்னால், தரையோடு ஒட்டிய வட்டத் தட்டில் இருபத்திரண்டு குண்டுகளும் அவற்றுக்கான வெடிமருந்தும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை குண்டு ஏறும்போதும் முதுகுக்குப் பின்னால் இரும்பு இழுபடும் சத்தம். ராஜஸ்தான் வெயிலில் உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "மே மாசம் தகரக் கொட்டாயிக்குள்ள கம்பளி போத்திக்கிட்டு அடுப்பு ஊதிப் பாரு" என்றார்.

அப்புறம் ஒரு விஷயம், எந்த விளையாட்டிலும் நான் பார்க்காதது. டி-72ல் பீரங்கி சில கோணங்களில் திரும்பி நின்றுவிட்டால் டிரைவரின் மூடி திறக்காது. வண்டி தீப்பிடித்து, மின்சாரம் போய், பீரங்கியோடு சேர்ந்து சுழலும் மேல்பகுதியான டரட் அந்தக் கோணத்தில் நின்றுவிட்டால் டிரைவர் மேலே ஏற முடியாது. இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு அவசரக் கதவு இருக்கிறது. அதன் வழியாக டாங்கியின் வயிற்றுக்கு அடியில் இறங்கி ஊர்ந்து வர வேண்டும். சேற்றில் புதைந்த வண்டி என்றால் அதுவும் இல்லை. டாங்கி ஓட்டிய ஒவ்வொருவரும் தினமும் மனதுக்குள் போட்டுப் பார்க்கிற கணக்கு இது. மாமா வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பீரங்கி எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டுக்கொள்வாராம். கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும்.

ஒருநாள் நான் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு சுவருக்குப் பின்னால் டாங்கியை நிறுத்திவிட்டு, கேமராவை மேலே தூக்கி, சுவருக்கு அந்தப் பக்கம் எதிரி வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரியவில்லை. "ஏன் மாப்ள, வண்டிக்கு வெளிய மேல நின்னு பாக்குறானே, அவன் யாரு?" என்று கேட்டார். யாரும் இல்லை மாமா, அது நான்தான், விளையாடுகிறவன் என்றேன். "நமக்கு அப்படி ஒருத்தன் இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்றார், உண்மையாகவே.

உங்கள் விளையாட்டுகளில் எனக்குள்ள பெரிய குறை அந்த ஆள்தான். அவன் இருக்கிற வரை டாங்கிச் சண்டையின் உயிரான விஷயம் வெளியே போய்விடுகிறது. டாங்கி என்பது பார்வையை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பை வாங்கும் இடம். மூடியைச் சாத்தினால் உயிர் பிழைக்கலாம், ஆனால் எதுவும் தெரியாது. மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் தெரியும், ஆனால் தலை போகலாம். 1973 போரில் கோலான் குன்றுகளில் இஸ்ரேலிய டாங்கி கமாண்டர்கள் தலையை வெளியே வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். அதனால்தான் எதிரியை முதலில் பார்த்தார்கள், அதனால்தான் அவர்களில் அத்தனை பேர் இறந்தார்கள். அந்த முடிவு ஒரு கமாண்டருக்கு ஒவ்வொரு நிமிடமும் வருகிறது. உங்கள் விளையாட்டில் பெரும்பாலும் அந்த முடிவு எனக்கு வருவதே இல்லை, ஏனென்றால் எனக்கு ஆகாயத்தில் ஒரு கண் இலவசமாகக் கிடைக்கிறது. சில விளையாட்டுகளில் எதிரி நம்மைப் பார்த்துவிட்டான் என்று ஒரு விளக்கு எரிந்து சொல்கிறது. நிஜத்தில் அந்த விளக்கின் வேலையைச் செய்வது முதல் குண்டு.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எதிரியின் தலைக்கு மேல் சிவப்பில் பெயர், நம்மவர் தலைக்கு மேல் வேறு நிறத்தில் பெயர். இந்தச் சின்ன வசதிதான் உங்கள் போரை நிஜப் போரிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய்விடுகிறது என்பது என் கருத்து.

1991 வளைகுடாப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். நவீன டாங்கிப் போர் என்றாலே எல்லோரும் உதாரணம் காட்டுவது அதைத்தான். அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்கிகள் ஈராக்கின் டி-72களை, அவை இவர்களைப் பார்ப்பதற்கு முன்பே, வெப்பத்தைக் காட்டும் தெர்மல் கருவியால் பார்த்துச் சுட்டன. அந்தப் போரில் சண்டையில் இறந்த அமெரிக்கர்கள் 148 பேர். அதில் 35 பேர் அமெரிக்கர்களின் குண்டுக்கே இறந்தவர்கள். கிட்டத்தட்ட நாலில் ஒருவர். முழுதாக அழிந்த ஏப்ரம்ஸ் டாங்கிகள் ஒன்பது. அதில் ஏழு, தங்கள் தரப்புக் குண்டுக்கே அழிந்தன. மீதி இரண்டும் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று இவர்களே அழித்தவை. உலகத்திலேயே சிறந்த பார்வைக் கருவி வைத்திருந்த படைக்கு, அந்தப் போரில் தன் டாங்கிக்கு மிகப் பெரிய ஆபத்து தன் டாங்கிதான்.

ஏன் அப்படி? தெர்மல் கருவி வெகுதூரம் பார்க்கும், ஆனால் அது காட்டுவது சூட்டை மட்டும்தான். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ராத்திரியில் ஒரு வெளிச்சப் புள்ளி. அது டாங்கியா, லாரியா, நம்முடையதா, அவர்களுடையதா என்று அந்தப் புள்ளி சொல்லாது. 2003 மார்ச் 25ஆம் தேதி பாஸ்ரா அருகே ஒரு பிரிட்டிஷ் சேலஞ்சர் 2, இன்னொரு பிரிட்டிஷ் சேலஞ்சர் 2ஐச் சுட்டது. சுட்டவர்கள் தெர்மல் கருவியில் சூட்டுப் புள்ளிகளைப் பார்த்தார்கள், எதிரிகள் பதுங்குகுழிக்குள் போய் வருகிறார்கள் என்று நினைத்தார்கள். குண்டு பட்டது தங்கள் சொந்த நாட்டு டாங்கியின் மேல் மூடியில். உள்ளே இருந்த இரண்டு பேர் இறந்தார்கள். சுட்டவர்கள் பயிற்சி இல்லாதவர்கள் அல்ல. 

உங்களில் பலருடைய விளையாட்டுகளில் நம்முடைய குண்டு நம்மவர் மேல் பட்டால் ஒன்றுமே ஆவதில்லை. ஏன் அப்படி வைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், விளையாட்டைக் கெடுக்க என்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். சரி, அதைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு விலையாக, டாங்கி கன்னர்களின் மிகப் பெரிய பயத்தையே எடுத்து வெளியே போட்டுவிட்டீர்கள். விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு, அது யார், அது யார் என்று கமாண்டரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிற அந்த நாலு நொடி உங்கள் விளையாட்டில் இல்லை. ஒருவன் அந்த நாலு நொடியை ஒருமுறை அனுபவித்துவிட்டால் போரைப் பற்றி அவன் பேசுகிற விதமே மாறிவிடும்.

இதெல்லாம் செய்ய முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு முன்னாலேயே செய்தவர்கள் இருக்கிறார்கள், அதுவும் உங்களிடம் இருக்கும் கருவிகளில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத காலத்தில்.

1980ல் அடாரி நிறுவனம் பேட்டில்ஜோன் என்ற டாங்கி விளையாட்டைக் கொண்டுவந்தது. பச்சைக் கோடுகளால் வரைந்த மலை, பச்சைக் கோட்டு டாங்கி. அமெரிக்க ராணுவத்துக்காக அதையே பிராட்லி கவச வண்டிப் பயிற்சிக் கருவியாக மாற்றித் தரச் சொன்னார்கள். அதை உருவாக்கிய எட் ராட்பெர்க் அந்த வேலையை விருப்பமில்லாமல்தான் செய்தார். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கடுத்து வந்த சிம்நெட்டைப் பற்றி. அமெரிக்காவின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா 1980களில், ஜாக் தோர்ப் என்ற விமானப்படை அதிகாரியின் யோசனையில், டாங்கி வீரர்களுக்கான இந்தப் பயிற்சி வலைப்பின்னலைத் தொடங்கியது. ஒவ்வொரு டாங்கிக்கும் கண்ணாடியிழையில் செய்த பெட்டிகள். டிரைவர் தனிப் பெட்டியில், கமாண்டரும் கன்னரும் குண்டு ஏற்றும் லோடரும் இன்னொன்றில். நடுவில் இன்டர்காம். இப்படிப் பல டாங்கிகளைக் கணினி வலைப்பின்னலில் ஒன்றாக இணைத்தார்கள். படம் என்று பார்த்தால் பரிதாபமாக இருக்கும்: தட்டையான பச்சைத் தரை, முக்கோண மரம், பெட்டி மாதிரி டாங்கி. அதை அவர்கள் வேண்டுமென்றே அப்படி விட்டார்கள். ஒரு குழு சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொள்ள எது தேவையோ அதை மட்டும் நிஜம்போல் செய்வோம், மற்றதை விட்டுவிடுவோம் என்பது அவர்கள் போட்டுக்கொண்ட விதி. புல் ஆடுவதை விட்டார்கள், குரலை வைத்துக்கொண்டார்கள். பெரிஸ்கோப்பின் குறுகலை வைத்துக்கொண்டார்கள்.

உங்களிடம் இன்று புல் ஆடுகிறது. தகட்டில் மழைத்துளி வழிகிறது. ஆனால் நாலு பேர் சேர்ந்து ஓட்டுகிற வண்டியை ஒரே ஒருவன் கையில் கொடுத்துவிட்டீர்கள். அவனே ஓட்டுகிறான், அவனே குறி வைக்கிறான், அவனே குண்டைத் தேர்ந்தெடுக்கிறான், அவனே ஆகாயத்திலிருந்து பார்க்கிறான். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய முக்கோண மரத்துக்கு நடுவில் இருந்த டாங்கிப் போர் உங்கள் அழகான காட்டுக்குள் இல்லை.

சிம்நெட்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். 1991 பிப்ரவரி 26ஆம் தேதி மாலை, மணற்புயலுக்கு நடுவில், ஈராக் பாலைவனத்தில் ஒரு டாங்கிச் சண்டை நடந்தது. பக்கத்தில் ஊர் எதுவும் இல்லாததால் வரைபடக் கோட்டின் பெயரால் அதை 73 ஈஸ்டிங் என்கிறார்கள். எச். ஆர். மக்மாஸ்டர் என்ற கேப்டனின் கீழ் ஒன்பது ஏப்ரம்ஸ் டாங்கிகள், எதிரில் மணல்மேட்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்த ஈராக்கியக் குடியரசுக் காவல் படை. இருபத்திச் சொச்சம் நிமிடத்தில் முடிந்துபோன அந்த மோதலைக் கணினிக்குள் மறுபடி அமைக்க ஒரு குழு போனது. மணலில் கிடந்த டாங்கித் தடங்களை அளந்தார்கள். எரிந்த வண்டிகள் எங்கே நின்றன என்று குறித்தார்கள். அதோடு நிற்காமல், சண்டையில் இருந்தவர்களை உட்காரவைத்து, அந்த நிமிடம் என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், என்ன சொன்னீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். தடத்தோடு நினைவைப் பொருத்திப் பார்த்தார்கள். உங்களிடம் நான் எதிர்பார்க்கிறதும் இந்த மாதிரி வேலையைத்தான். கையேடு தேடுகிற ஆர்வத்தில் பாதியை ஆளைத் தேடுவதில் காட்டினால் போதும்.

ஆளைத் தேடிப் போனால் இன்னொன்றும் தெரியும். டாங்கிக்காரர்களின் நினைவில் சண்டை ரொம்பக் கொஞ்சம். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, ஆபரேஷன் பராக்ரம் என்று படை முழுவதையும் எல்லைக்கு நகர்த்தினார்கள். 2002 அக்டோபர் வரை பத்து மாதம். மாமாவின் ரெஜிமென்ட்டும் ராஜஸ்தான் எல்லையில் மணல்மேட்டுக்குப் பின்னால் வலைக்கு அடியில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தது. ஒரு குண்டுகூட எதிரி மேல் சுடவில்லை. ஆனால் அந்தப் பத்து மாதத்தில் கண்ணிவெடி புதைக்கிற வேலையிலும் எடுக்கிற வேலையிலும் நம்முடைய ஜவான்கள் செத்தார்கள். மாமாவுக்கு அந்தப் பத்து மாதம்தான் போர். காலையில் எழுந்து எஞ்சினைப் போட்டுப் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. காற்று வடிகட்டியில் அடைந்த மணலைத் தட்டுவது. நீளக் கம்பில் பிரஷ் கட்டி, நாலைந்து பேர் வரிசையாகப் பிடித்து, ஒரே மூச்சில் பேரலுக்குள் தள்ளி இழுப்பது. சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையான ட்ராக்கின் பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்குவது. உங்கள் விளையாட்டில் ட்ராக் அறுந்தால் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு இருபது முப்பது நொடி காத்திருக்கிறேன், சரியாகிவிடுகிறது. அங்கே அது ஒரு பகல். விரல் நசுங்காமல் முடிந்தால் நல்ல பகல்.

இந்தச் சலிப்பை அப்படியே விளையாட்டாக்குங்கள் என்று கேட்க நான் தயாரில்லை, யாரும் காசு கொடுத்து அதை வாங்க மாட்டார்கள். ஆனால் கருவிகள் சோர்ந்துபோகும் என்பதையாவது காட்டலாம். நம் டி-90 டாங்கிகளின் தெர்மல் கருவிகளே பாலைவன வெயிலில் தடுமாறியது எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை. உங்கள் விளையாட்டில் தெர்மல் கருவி ஒருநாளும் மூச்சு வாங்குவதில்லை.

இப்போது உக்ரைனுக்கு வருகிறேன், ஏனென்றால் நவீனம் என்ற சொல்லை உங்கள் விளம்பரங்களில் தாராளமாகப் போடுகிறீர்கள். 2022லிருந்து அங்கே நடப்பதைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், டாங்கியும் டாங்கியும் நேருக்கு நேர் நின்று சுட்டுக்கொள்வது அங்கே அபூர்வம். பெரும்பாலான டாங்கிகள் மரவரிசைக்குள் வலை போர்த்தி ஒளிந்து கிடக்கின்றன. வெளியே வந்து, கண்ணுக்குத் தெரியாத இலக்கை நோக்கித் தூரத்திலிருந்து சில குண்டுகளைச் சுட்டுவிட்டு மறுபடி ஒளிந்துகொள்கின்றன. 2023 ஜூன் மாதம் மாலா டோக்மாச்கா அருகே லெப்பர்டு டாங்கிகளும் பிராட்லி வண்டிகளும் கண்ணிவெடி வயலில் சிக்கி ஒன்றன்மேல் ஒன்று மோதாத குறையாக நின்றன. பின்னால் வருகிறவன் முன்னால் நிற்கிறவனைச் சுற்றிப் போனால் அங்கேயும் கண்ணி. அதற்கப்புறம் சின்ன டிரோன்கள் வந்தன. அமெரிக்கா கொடுத்த 31 ஏப்ரம்ஸ் டாங்கிகளை 2024 ஏப்ரலில் முன்னணியிலிருந்து பின்னுக்கு இழுத்ததாகச் செய்தி வந்தபோது, காரணமாகச் சொல்லப்பட்டது டிரோன்கள்தான். டரட்டின் மேல் கம்பிக் கூண்டு கட்டுகிறார்கள். தகரக் கொட்டகை மாதிரி முழு டாங்கியையும் மூடிக்கொண்டு போகிறார்கள், டரட்டைத் திருப்பக்கூட முடியாதபடி.

அங்கே ஒரு டாங்கி வீரனுக்குப் பயம் எங்கிருந்து வருகிறது? மேலே கேட்கும் ஒரு சின்ன ரீங்காரத்திலிருந்து. எஞ்சின் ஓடினால் அதுவும் கேட்காது. தகட்டின் முன்பக்கக் கனத்தைப் பற்றி நீங்கள் போட்ட கணக்கெல்லாம், மேலிருந்து மூடியின் மேல் வந்து விழும் ஒன்றுக்கு முன்னால் பெரிதாக உதவுவதில்லை.

டி-72 வகை டாங்கிகளில் குண்டு துளைத்துக் கீழே இருக்கும் அந்த வட்டத் தட்டைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதும் இந்தப் போரில் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. டரட் பிய்த்துக்கொண்டு மேலே பறக்கிறது. அதைக் காட்டும் காட்சிகளுக்குப் பாட்டுப் போட்டுப் பரப்புகிறார்கள், எத்தனை அடி பறந்தது என்று பந்தயம் கட்டுகிறார்கள். உங்கள் விளையாட்டுகளிலும் டரட் பறக்கிறது. நானும் பார்த்துக் கத்தியிருக்கிறேன். ஒருமுறை அப்படிக் கத்தியபோது பக்கத்து அறையிலிருந்து மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தட்டின் மேல்தான் அவர் நண்பர்கள் இரண்டு பேர் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அதற்கு முன்னால்.

இன்னொரு கவலையும் இருக்கிறது, இது உங்கள் திரையைத் தாண்டியது. ஆர்மா 3 விளையாட்டின் காட்சிகள் உக்ரைன் போர்க் காட்சிகள் என்று உலகம் முழுக்கப் பரவியபோது, அதை உருவாக்கிய போஹீமியா இன்டராக்டிவ் 2022 நவம்பரில் வெளிப்படையாக அறிக்கை விட்டது. விளையாட்டுக் காட்சியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மக்களுக்குச் சொல்லியும் கொடுத்தது. அந்தப் பொறுப்பை நான் பாராட்டுகிறேன். ஆனால் 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே விளையாட்டுக் காட்சிகள் போர்ச் செய்தியாக வந்து விழுந்தன. பையன் எல்லையில் இருக்கிற ஒரு அத்தை அதைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காட்சியைப் பதிவு செய்யும் வசதியை நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். அந்தப் பதிவின் ஓரத்தில் அழிக்க முடியாதபடி விளையாட்டின் பெயரைப் பதித்துவிடுவது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. அதைத் தவிர்க்க நினைக்கிறவன் எப்படியும் தவிர்ப்பான் என்பீர்கள். தவிர்க்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் தடுத்தாலே என் அத்தை தூங்கியிருப்பார்.

விளையாட்டு என்றால் சந்தோஷமாக இருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். உயிர்ப் பட்டை வைத்து, பதினைந்து பேருக்குப் பதினைந்து பேர் மோதி, பத்து நிமிடத்தில் முடிகிற விளையாட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது தன்னை டாங்கிப் பந்தயம் என்றே காட்டிக்கொள்கிறது. என் வருத்தம் எல்லாம், அதே ஆகாயக் கண்ணையும் மந்திர வைத்தியத்தையும் வைத்துக்கொண்டு மேலே 'நிஜப் போர் அனுபவம்' என்று எழுதிவிடுவதில்தான். பதினாலு வயதுப் பையன் அதைப் படிக்கிறான். நம்புகிறான். அடுத்து நிஜப் போர் வரும்போது நம் டாங்கி எதிரி டாங்கியைவிட நல்ல டாங்கி, அதனால் ஜெயித்துவிடுவோம் என்று பேசுகிறான். உள்ளே இருப்பவர்கள் அவன் கணக்கில் வருவதில்லை, ஏனென்றால் அவன் விளையாடியதில் அவர்கள் வந்ததே இல்லை.

சந்தோஷமும் நிஜமும் ஒன்றாக வராது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்டீல் பீஸ்ட்ஸ் என்ற விளையாட்டில் ஒரே டாங்கிக்குள் நண்பர்கள் சேர்ந்து உட்காரலாம், ஒருவர் கமாண்டர், ஒருவர் கன்னர். பல நாட்டு ராணுவங்கள் அதன் தொழில்முறை வடிவத்தைப் பயிற்சிக்கு வைத்திருக்கின்றன. படம் அழகில்லை, மேடு பள்ளம் எல்லாம் பழைய காலம். ஆனால் நண்பனின் குரலை நம்பி, எதுவும் தெரியாமல் ஒரு மேட்டின் மேல் ஏறும்போது வயிற்றில் ஏற்படுகிற அந்த இறுக்கம், எந்த அழகான புல்லும் எனக்குக் கொடுக்காதது.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். 'நிஜம்' என்று பெயர் வைக்கிற பிரிவில் ஆகாயக் கண்ணை எடுத்துவிடுங்கள், தலைக்கு மேலே தெரியும் பெயர்களையும் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு டாங்கியை ஓட்ட வழி செய்யுங்கள், தனியாக விளையாடுகிறவனுக்கு உள்ளே இருக்கிறவர்களின் குரலையாவது கொடுங்கள். குண்டு பட்ட பிறகு அந்தக் குரல்களில் ஒன்று நின்றுபோகட்டும், அந்த இடத்துக்கு யாரும் வர வேண்டாம். நம்மவனைச் சுட்டுவிட்டால் புள்ளியைக் குறைப்பதோடு விடாமல் அது யாருடைய வண்டி என்று காட்டுங்கள். வண்டி எரிந்தால், அடுத்த டாங்கியைத் தேர்ந்தெடுக்கும் திரைக்கு என்னைத் துரத்துவதற்கு முன்னால் மூடியைத் திறந்து வெளியே வர ஒரு வாய்ப்பைக் கொடுங்கள். அது சில சமயம் திறக்காமலும் போகட்டும்.

இவற்றில் எதைச் செய்வதற்கு முன்பும், டாங்கியில் இருந்தவர்களைக் கேளுங்கள். டாங்கிப் படை வைத்திருக்கிற எல்லா நாட்டிலும் ஓய்வுபெற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் அவர்களிடம் கேட்பதில்லை. அதிகாரிகளை மட்டும் கூப்பிட்டு வைத்துப் பேசிவிட்டுப் போய்விடாதீர்கள், டிரைவரையும் லோடரையும் கேளுங்கள். ரகசியம் எதுவும் வேண்டாம், தகட்டின் கனமும் வேண்டாம். எது கேட்டது, எது தெரியவில்லை, எதற்குப் பயந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஆவடியில் செய்த டாங்கிகளை ஓட்டிய தமிழ்க்காரர்கள் வேலூர், திருவண்ணாமலை, தேனிப் பக்கமெல்லாம் ஊர் ஊராக இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பேச அவர்களில் பலர் கூச்சப்படுவார்கள். நீங்கள் ஆள் அனுப்பினால் கூட வந்து உட்கார்ந்து, அவர்கள் தமிழில் சொல்வதை எழுதி, மொழிபெயர்த்துத் தர நான் தயாராக இருக்கிறேன். அதற்கு எனக்குக் காசு வேண்டாம். மாமாவிடம் கேட்டுவிட்டேன், முதலில் பேச அவர் சம்மதித்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டுகளை விளையாடி வளர்ந்த ஒருவன்